ஆயிரம் அடி வாங்கிய ஸ்கோப்

சடகோபன் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கை நீட்டுகிற மனிதர். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பன்றியும் நரியும் முயலும் சுடுகிறவர்களில் ஒரு பகுதியினர், தங்கள் துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கிற ஸ்கோப்பை நம்பலாமா கூடாதா என்பதைப் பத்து வருடமாக அவர்தான் தீர்மானித்து வந்தார். அவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தில், ‘பரிசோதிக்கப்பட்டது’ என்ற முத்திரைக்கு அடியில் இருக்கும் கிறுக்கல் கையெழுத்து அவருடையது.

மெரிலேண்ட்ஸில் வீடு. அங்கிருந்து காரில் கால்மணி தூரத்தில், தொழிற்பேட்டைக்குள் ஒரு தகரக் கொட்டகைதான் கம்பெனி. முதலாளி கிரெக் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து மலிவு விலை ஸ்கோப்புகளை இறக்குமதி செய்து கடைகளுக்கு அனுப்புவார். ஜெர்மன் சரக்கு வாங்க முடியாதவர்களுக்கான சரக்கு. மலிவு என்றால் மட்டம் என்று பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு கன்டெய்னரிலிருந்தும் சிலவற்றை எடுத்துச் சடகோபனிடம் கொடுப்பார்கள்.

சடகோபனின் சோதனைகளில் மர்மம் எதுவும் இல்லை. வெந்நீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வீட்டு ஐஸ்பெட்டியில் ஒரு நாள் வைத்து வெளியே எடுத்து, உள்கண்ணாடியில் ஆவி படிகிறதா என்று பார்ப்பார். மூன்றாவதுதான் முக்கியம். தண்டவாளம் போன்ற இரண்டு கம்பிகளின் மேல் ஓடும் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஸ்கோப்பைப் பூட்டி, ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் சட்டம் பாய்ந்துபோய்க் கட்டையில் மோதும். ஒரு மோதல், துப்பாக்கியின் ஒரு வெடிக்குச் சமம். நூறு அடிக்கு ஒரு முறை ஸ்கோப் வழியாகப் பார்த்து, எதிர்ச் சுவரில் ஒட்டிய கட்டம் போட்ட தாளில் குறுக்குக்கோடு நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வார். ஆயிரம் அடிக்குப் பிறகும் கோடு அதே கட்டத்தில் நின்றால் பாஸ்.

ஆஸ்திரேலியாவுக்கு வருமுன் ஓசூரில் ஸ்கூட்டருக்கு ஷாக் அப்சார்பர் செய்கிற ஆலையில் இதே மாதிரி வேலை பார்த்தார். அங்கே ஒரு பொருளை உடையும்வரை ஓட்டுவார்கள். எந்த எண்ணில் உடைந்தது என்பதுதான் அறிக்கை. இங்கே ஆயிரத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஆயிரத்தொன்றில் என்ன ஆகும் என்று கேட்க யாரும் இல்லை. வந்த புதிதில் அது அவரை உறுத்தியது. பிறகு உறுத்தவில்லை. பழகிப்போவதை நாம் அனுபவம் என்று அழைக்கிறோம். எப்போதும் அது அந்தப் பெயருக்கு உரியதாக இருப்பதில்லை.

அவருடைய மனைவி வேதவல்லி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்டால், “அவர் லென்ஸ் கம்பெனில இருக்கார்” என்பாள். மூக்குக்கண்ணாடி என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் திருத்துவதில்லை.

சிறி பழக்கமானது கொட்டகை வாசலில்தான். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், யாழ்ப்பாணத்துக்காரன், நாற்பது வயது. சரக்கு இறக்கும் நேரத்தில் உள்ளே வந்து அந்த இரும்புச் சட்டம் மோதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். லைசென்ஸ் எடுத்து முறையாக வேட்டைக்குப் போகிறவன். மனைவியின் தம்பி சுஜீதனும் அவனுமாக, லாக்லன் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் நிலத்தில், அவருடைய அனுமதியோடு பயிரை நாசம் செய்கிற காட்டுப்பன்றிகளைச் சுடுவார்கள்.

“ஐயரண்ணை, தயிர்ச்சோறு சாப்பிடுற நீங்கள் பன்றி சுடுற சாமானுக்குப் பாஸ் போடுறியள். கடவுள் உங்களை எந்தப் பக்கத்திலை எழுதுவார்?”

“ஐயர் இல்ல சிறி, ஐயங்கார். எத்தனை தடவை சொல்றது?”

“பன்றிக்கு ரெண்டும் ஒண்டுதான் அண்ணை.”

சடகோபனுக்குச் சிரிப்பு வந்துவிடும். அலுவலகத்தில் அவரிடம் தமிழில் பேச வேறு ஆள் கிடையாது.

போன வருடக் கடைசியில் சிறி ஒரு நாள் விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டான். “அண்ணை, என்ரை பழைய ஸ்கோப் சரிவராது. மழைக்குள்ளை புகைஞ்சு போகுது. எனக்குக் கட்டுப்படியாகிற, நெடுக நிக்கிற சாமான் ஒண்டு சொல்லுங்கோ. கடைக்காரன் பதினாறு மடங்கு, இருபது மடங்கு எண்டு தலையைச் சுத்த வைக்கிறான்.”

“அதெல்லாம் வேண்டாம். பெரிசாக் காட்டறது ஒரு குணமே இல்ல. கையாட்டத்தையும் சேத்துப் பெரிசாக் காட்டும். மலிவான சரக்குல பெருக்கம் கூடக்கூட உள்ள அசையற பாகமும் கூடும். நாலு மடங்கு, மாறாத பெருக்கம், அது போதும் உங்களுக்கு. தண்ணி புகக் கூடாது, அடி வாங்கினா கோடு நகரக் கூடாது. மீதி எல்லாம் அலங்காரம்.”

இதுவரை அவர் சொன்னது சரியான யோசனை. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

சோதனை முடிந்த ஸ்கோப்புகளை உடைத்து எறிய வேண்டும் என்பது தொழிற்சாலைக்காரர்களின் நிபந்தனை. சுத்தியலால் நாலு தட்டு, பிறகு ஒரு பதிவேட்டில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து. சடகோபனுக்கு இது எப்போதும் பாவம் போல இருந்தது. ஆயிரம் அடி தாங்கிய ஒன்றைத் தன் கையாலேயே அடித்து நொறுக்குவதா? நல்ல பொருளைக் குப்பையில் போடாதே என்று வளர்ந்த உடம்பு கேட்கவில்லை. அவற்றில் ஒன்று, நாலு மடங்கு, மாறாத பெருக்கம், ஒரு கட்டம்கூட நகராதது, மேசை இழுப்பறையில் துணி சுற்றிக் கிடந்தது. பதிவேட்டில் அது அழிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அதை எடுத்துச் சிறியிடம் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

“கடையில வாங்கற பெட்டிய யாரும் தொட்டுப் பாத்ததில்ல. நூத்துக்கு மூணுதான் நான் சோதிப்பேன், மீதி தொண்ணூத்தேழும் நம்பிக்கை. இது அப்படி இல்ல. ஆயிரம் தடவை அடிச்சுப் பாத்தது. நம்மாளுங்கறதால தரேன்.”

சிறி அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டான். “ஆயிரம் தரமோ! எங்கடை ஆள் ஒராள் உள்ளுக்கை இருந்தா இதுதான் அண்ணை.”

அந்தச் சந்தோஷத்தில் சடகோபனும் தான் ஒரு பெரிய காரியம் செய்ததாகவே நினைத்தார். தாங்கியது என்பதை இன்னும் தாங்கும் என்று படித்துவிட்டார். பொருள்களைப் பற்றி இருபத்தைந்து வருடம் யோசித்தவர் செய்யக்கூடாத பிழை அது. ஆனால் அன்பளிப்பாகக் கொடுக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

இந்த ஆண்டு மே மாதத்தில் கிரெக் இரண்டு வாரம் விடுமுறையில் போனார். கன்டெய்னரும் வரவில்லை. கொட்டகையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த சடகோபனுக்குப் பழைய ஓசூர்ப் புத்தி எழுந்தது. சிறியிடம் கொடுத்த அதே ரகத்தில், அதே கன்டெய்னரில் வந்தவற்றில் இரண்டு மீதி இருந்தன. ஒன்றைச் சட்டத்தில் பூட்டி, ஆயிரம் முடிந்ததும் நிறுத்தாமல், இப்போது அடிக்கடி கோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஆயிரத்து அறுபது வரை ஒன்றும் இல்லை. ஆயிரத்துத் தொண்ணூறில் பார்த்தபோது குறுக்குக்கோடு நாலு கட்டம் தள்ளி நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நாலு கட்டம்தான். இன்னோர் அடி அடித்தார். கோடு பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. அடுத்த அடிக்கும் அங்கேயே நின்றது. அதற்கடுத்த அடிக்கு ஆறு கட்டம் போய்விட்டது.

கழற்றிப் பார்த்தார். உள்ளே இருக்கும் சின்னக் குழலை ஒரு மெல்லிய தகட்டு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். அந்தத் தகட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. முழுதாக முறிந்திருந்தால் ஸ்கோப் பயன்படாது, யாரும் நம்பமாட்டார்கள், ஆபத்தும் இல்லை. இது முறியவில்லை. பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும். இரண்டாவது ஸ்கோப்பையும் ஓட்டினார். அது ஆயிரத்து நாற்பதில் அதே வேலையைக் காட்டியது. கண்ணாடி இரண்டிலும் பளிங்கு போலத் தெளிவாக இருந்தது.

ஒரு மனிதன் வருடத்துக்கு நாற்பது ஐம்பது வெடி வைப்பான். புதுப்பெட்டி வாங்கினவனுக்கு ஆயிரம் என்பது இருபது வருடம். அந்த ரகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்தக் கண்டத்தில் அந்த இருபது வருடத்தையும் முன்பே செலவழித்துவிட்ட ஸ்கோப் ஒன்றே ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தது அவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் சிறிக்குப் போன் செய்தார். லாரி இரைச்சலுக்கு நடுவே சிறி உற்சாகமாக இருந்தான்.

“அண்ணை! நாளைக்கு விடிய வெளிக்கிடுறம். பண்ணைக்காரன் சொன்னவன், இந்த முறை ஒரு பெரிய ஆண்பன்றி. சோளம் முழுக்கப் போச்சுதாம்.”

“சிறி, அந்த ஸ்கோப்...”

“ஓம், அதைத்தான் கொண்டு போறன்.”

“போறதுக்கு முன்னால ஒரு தடவை ஸீரோ பாத்துடுங்க. தாள்ல சுட்டு, குறி வெச்ச இடத்துலயே படறதான்னு.”

“என்னண்ணை கதைக்கிறியள்? ஆயிரம் தரம் நீங்கள் அடிச்சுப் பாத்த சாமான். அதுக்கு மேலை நான் என்னத்தைப் பாக்கிறது? சரி, ரெண்டு வெடி வைச்சுப் பாப்பம், உங்களுக்காக.”

ரெண்டு வெடியில் தெரியாது என்று சடகோபன் சொல்லியிருக்க வேண்டும். பத்து வெடியிலும் தெரியாது, பதினோராவதில்தான் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல, ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். இழுப்பறை, பதிவேடு, கையெழுத்து. “கவனமாப் போய்ட்டு வாங்க” என்றார். “போட்டு வாறன் அண்ணை” என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது வேதவல்லி அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள். அவர் முழுவதையும் சொன்னார்.

“ஏன்னா, ஆயிரம் அடி வாங்கினது நல்ல பொருள்னு எந்த ஊர்ல சொல்றா? வாங்காததுதானே நல்லது?”

“தாங்கித்தே வல்லி.”

“தாங்கறதுக்குக் கணக்கு உண்டோல்லியோ? போன் பண்ணி நேரச் சொல்லிடுங்கோ. வேலை போனா போறது.”

பண்ணினார். போய்ச் சேரவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் சிக்னல் கிடையாது என்று சிறியே முன்பு சொல்லியிருக்கிறான். காயம்பட்ட ஆண்பன்றியைப் பற்றியும் சொல்லியிருக்கிறான்: சரியான இடத்தில் பட்டால் அந்த இடத்திலேயே விழும், நாலு விரல் தள்ளிப்பட்டால் ஓடிப்போய்ப் புதருக்குள் சத்தம் இல்லாமல் படுத்திருக்கும், தேடிக்கொண்டு கிட்டப் போகிறவனுக்காகக் காத்திருக்கும். பக்கத்துப் பண்ணையில் ஒருவனின் தொடையை இடுப்புவரை கிழித்ததாம். சிறி இதைச் சுவாரசியமாகத்தான் சொன்னான். இப்போது சடகோபன் அந்த நாலு விரலைக் கட்டம் போட்ட தாளில் வைத்துப் பார்த்தார். நாலு கட்டம் என்பது நூறு மீட்டரில் நாலு விரல் அல்ல, இரண்டு சாண்.

சனிக்கிழமை முழுவதும் பதினேழு தடவை கூப்பிட்டார். ஞாயிறு காலையில் குறுஞ்செய்தி ஒன்றை அடித்து, அனுப்பாமல், மறுபடி அடித்து அனுப்பினார்: அந்த ஸ்கோப்பைப் பயன்படுத்த வேண்டாம். அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவேயில்லை. மதியம் வேதவல்லி போட்ட சாதம் தட்டிலேயே காய்ந்தது.

மாலை ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

“அண்ணை! ஒரே வெடி! நூற்றி நாற்பது கிலோ! அப்பிடியே மடங்கிச்சுது, கால்கூட உதறேல்லை. சுஜீதன் வாயைத் திறந்தவன் இன்னும் மூடேல்லை!”

சடகோபன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நன்றி சொல்லத் தோன்றியது. யாருக்கு என்று தெரியவில்லை.

“என்ரை மெசேஜ்...” என்றார், அவன் பேச்சு அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது போல.

“ஓம், இப்பதான் வந்தது. அதென்ன அண்ணை பகிடியோ?”

“நேர்ல சொல்றேன். புதன்கிழமை சாயங்காலம் அந்த ஸ்கோப்பைக் கழட்டி எடுத்துண்டு வாங்க. கட்டாயம் வாங்க.”

“வாறன். நானும் அதுக்குத்தான் கேக்க இருந்தனான். அடுத்த சனி நாலு பேர் போறம். இன்னும் ரெண்டு பன்றி, புதருக்குள்ளை. நடந்துதான் போகோணும். மற்ற மூண்டு பேருக்கும் இதைப் போலவே வேணுமாம். புதுசு இல்லை, அடிச்சுப் பாத்தது.”

புதன்கிழமை சிறியும் சுஜீதனும் வந்தார்கள். சடகோபன் அவர்களை வீட்டுக்குள் கூப்பிடாமல் கார் கராஜுக்குள்ளேயே நிறுத்தினார். புதுப்பெட்டி ஒன்றைக் கடையில் தன் காசில் வாங்கி வைத்திருந்தார். சிறி துணியைப் பிரித்து ஸ்கோப்பை நீட்டினான். வாங்கிக்கொண்டதும் சடகோபன் பேசத் தொடங்கினார். இந்தத் தடவை எதையும் விடவில்லை. இழுப்பறை, உடைக்காதது, பொய்யாகப் போட்ட கையெழுத்து, ஆயிரத்து நாற்பது, ஆயிரத்துத் தொண்ணூறு, மயிரிழை வெடிப்பு.

சிறி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் மெல்லச் சிரித்தான்.

“விளங்குது அண்ணை. முதலாளி கண்டுபிடிச்சிட்டான், என்ன? உங்களுக்குப் பிரச்சினை வராமல் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“அது இல்ல சிறி! அவருக்கு ஒண்ணும் தெரியாது. இது உள்ள செத்துண்டிருக்கு. புதுசை எடுத்துக்குங்க.”

“புதுசு எப்பிடி எண்டு ஆருக்குத் தெரியும்? நூற்றுக்கு மூண்டுதான் பாக்கிறது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இது பாத்தது. நான் வேறை பாத்திட்டன்.”

“ஒரு வெடி!”

“ஒரு வெடியிலை நூற்றி நாற்பது கிலோ” என்றான் சுஜீதன். “அத்தான், அண்ணைக்கு இதை விட்டுப் பிரிய மனமில்லை. அதுதான் கதை.”

இருவரும் சிரித்தார்கள். சிறி ஸ்கோப்புக்காகக் கையை நீட்டினான். சடகோபன் அந்தக் கையைப் பார்த்தார். கீழே கான்கிரீட் தரையைப் பார்த்தார். சுத்தியலால் அடிக்க வேண்டியதை எட்டு மாதம் முன்பு அடிக்கவில்லை. இப்போதாவது என்று எண்ணிக்கொண்டு, தலைக்கு மேல் தூக்கிப் பலம் கொண்ட மட்டும் தரையில் எறிந்தார்.

ஸ்கோப் ஒரு தடவை எகிறி, கார்ச் சக்கரத்தில் மோதி, உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. சிறி குனிந்து எடுத்தான். ஊதித் துடைத்தான். வாசல் பக்கம் திரும்பி, தெருக்கோடியில் இருக்கும் மரத்தைக் குறிபார்த்தான். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

“ஐயோ அண்ணை” என்றான். குரலில் பக்தியே இருந்தது. “ஒரு கீறல்கூட இல்லை. இலையை எண்ணலாம் போல கிடக்கு. சுஜீதன், இஞ்சை பார்.”

சுஜீதன் வாங்கிப் பார்த்தான். “இதைக் காட்டத்தானோ இவ்வளவு கதையும்? அண்ணை நல்ல நடிகன்!”

“சிறி, சனிக்கிழமை இதை வெச்சுண்டு புதருக்குள்ள போகாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“அந்த மூண்டு பேரின்ரையையும் மறந்திடாதேங்கோ” என்றான் சிறி, அவர் தோளில் தட்டி. புதுப்பெட்டியை அவன் தொடக்கூட இல்லை. ஸ்கோப்பைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு காரில் ஏறினான்.

சத்தம் கேட்டு வேதவல்லி கராஜுக்கு வந்தாள். கார் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

“சொல்லிட்டேளா?”

“சொல்லிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“என்ன சொன்னான்?”

“ரொம்ப நல்ல சாமான்னு சொன்னான்” என்றார் சடகோபன்.